நாற்பத்தொன்றாம் எண் பொத்தான்

அந்தப் பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுப் பொருள் வைத்து ஆராய்ச்சி செய்யும் கூடங்கள் மொத்தம் அறுபத்து மூன்று. கூடத்துக்கு ஒரு பேராசிரியர். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் கூட்ஸ் வண்டிப் பெட்டி மாதிரி பட்டங்கள் கோத்துக்கொண்டு போகும். அப்பேர்ப்பட்ட அறுபத்து மூன்று பேரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு மனிதரை நினைத்துக் கொஞ்சம் நடுங்குவார்கள். அந்த மனிதர் எட்டாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவர். சொந்தப் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. காலண்டர் என்று சொன்னால் கேட் காவலாளி முதல் துணைவேந்தர் வரைக்கும் தெரியும்.

எந்தக் கூடத்தில் என்றைக்குப் பாதுகாப்புச் சோதனை என்று நாள் குறிப்பதுதான் காலண்டரின் வேலை. உள்ளே போய்ச் சோதிப்பது அதிகாரி அம்மா. அவர் பெரிய படிப்புப் படித்தவர், கையெழுத்துப் போட்டால் ஒரு கூடத்தையே இழுத்துப் பூட்டலாம். ஆனால் காலையில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதைக் காலண்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பிரித்துத்தான் அவரும் தெரிந்துகொள்வார்.

இந்த உயரத்துக்கு அவரை யாரும் கைதூக்கி விடவில்லை. ஆரம்பத்தில் அங்கே அவர் தள்ளுவண்டிக்காரர். கேட்டில் வந்து இறங்கும் பார்சல்களை நாலு சக்கர வண்டியில் அடுக்கிக் கூடம் கூடமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆறு வருஷம் அப்படி ஓடியது. ஒருநாள் அப்போதிருந்த பழைய அதிகாரி வழியில் வண்டியை நிறுத்தி, கையில் வைத்திருந்த ஒரு கருவியை அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கத்தில் நீட்டினார். கருவி படபடவென்று பொரிய ஆரம்பித்தது. விலக்கினால் அடங்கியது. நீட்டினால் மறுபடி பொரிந்தது.

"உள்ளே ஏதாவது பூச்சியா சார்?"

"பூச்சி இல்லப்பா, கதிர் வீசற பாஸ்பரஸ். ஒவ்வொரு சத்தமும் ஒரு அணு உடையற சத்தம். பயப்படாதே, பெட்டி கெட்டியானதுதான்."

"இன்னிக்குத்தான் இப்படி உடையுதா?"

"நீ முதல் பெட்டி தள்ளின நாள்லேர்ந்து."

காலண்டர் வண்டியின் கைப்பிடியை விட்டார். "அப்போ ஆறு வருஷமா என்கிட்ட பேசிக்கிட்டேதான் வந்திருக்கு. எனக்குத்தான் காது கேக்கலை" என்றார். கண்ணுக்குத் தெரியாமல், மணம் இல்லாமல், சூடு இல்லாமல் ஒன்று ஒவ்வொரு நொடியும் தன்னைத் தானே உடைத்துக்கொண்டு போகிறது என்பதை அன்றைக்கு அவர் மனசுக்குள் போட்டுக்கொண்டதுதான். இன்று வரை அந்தப் பிரமிப்பு இறங்கவில்லை.

பழைய அதிகாரி சோதனைக்குப் போகும் பாதி நாட்களில் கூடம் பூட்டிக் கிடக்கும். வண்டி தள்ளிக்கொண்டு எதிரே வரும் காலண்டர், "புதன்கிழமை அவருக்குக் காலையில வகுப்பு சார், கதவு பதினொண்ணுக்குத்தான் திறக்கும்" என்பார். எந்தப் பேராசிரியர் எப்போது வருவார், எந்தக் கூடத்துக்கு எந்தக் கிழமை பார்சல் இறங்கும், யார் மதியம் தூங்குவார், அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. ஆறே மாதத்தில் வண்டியை வேறொருவர் தள்ளினார். காலண்டருக்கு மேஜை வந்தது. மேஜை வந்த பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம்.

அதுவரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல் டைப் அடித்து எல்லாருக்கும் அனுப்புவார்கள். பட்டியல் கையில் இருந்தால் யார்தான் அழுக்காக இருப்பார்கள்? சோதனைக்கு முதல் நாள் கூடம் கண்ணாடி மாதிரி மின்னும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சந்தைக்கடை. காலண்டர் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி தேதியாக எழுதிப் பார்த்தார். சிந்தியது, கொட்டியது, ஒழுகியது எல்லாம் சோதனை முடிந்த மூன்று வாரத்துக்குள்ளேயே வந்து குவிந்திருந்தன. 'இப்போதானே வந்துட்டுப் போனாங்க, இனிமே மூணு மாசம் வர மாட்டாங்க' என்ற நிம்மதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. புதிதாக வந்திருந்த அதிகாரி அம்மாவிடம் நோட்டைக் காட்டினார். அந்த அம்மா நம்பவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து, "நீங்க சொன்னது அப்படியே சரி. இதை நான் ஒரு கட்டுரையாவே எழுதலாம்" என்றார். எழுதவும் செய்தார். அடியில் காலண்டருக்கு நன்றி போட்டிருந்தது. அந்தப் பக்கம் இன்றும் அவர் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதைப் படிக்காமல் வெளியே போக முடியாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொத்தான் டப்பா. பிஸ்கட் டப்பாவில் அறுபத்து மூன்று சட்டைப் பொத்தான்கள். பழுக்கக் காய்ச்சின ஊசியால் ஒவ்வொன்றிலும் ஓர் எண். திங்கள் காலை எட்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நாலு பொத்தான் எடுப்பார். செவ்வாய்க்கு ஒன்று, புதனுக்கு ஒன்று, வியாழன், வெள்ளி. எண்ணைச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டுவார். எடுத்த பொத்தான் திரும்ப டப்பாவுக்குள்ளேயே போகும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். போன வாரம் சோதனை நடந்த கூடத்துக்கு இந்த வாரமும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். ஆறு மாதம் எடுபடாத எண்ணை மட்டும் அவராகவே எழுதிவிடுவார். மற்றதெல்லாம் பொத்தான் விட்ட வழி. கம்ப்யூட்டர் போட்ட தேதியை மோப்பம் பிடிக்கப் பல்கலைக்கழகத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பொத்தான் போட்ட தேதியை மோப்பம் பிடிக்க ஒருவர்கூடப் பிறக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் எண் கூடத்தில் காலண்டரின் மருமகள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவருடைய மகன் வெளியூரில் சரக்கு லாரி ஓட்டுகிறவன், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். மருமகள் மாமனார் மாமியாரோடு இருந்தாள். சம்பந்தம் முடிந்த மறுநாளே காலண்டர் அதிகாரி அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "பொத்தான் எடுக்கறது நீங்க, சோதனை பண்றது நான். அது போதும்" என்று அந்த அம்மா முடித்துக்கொண்டார்.

வீட்டில்தான் கூத்து. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே மருமகள் ஆரம்பிப்பாள்.

"மாமா, இந்த வாரம் கடல் பக்கக் கட்டடமா, மைதானத்துப் பக்கமா?"

"காபில சர்க்கரை கம்மிம்மா."

"அத்தை, நீங்களாவது கேளுங்களேன்."

"நாப்பது வருஷமா இந்த மனுஷன் வாயிலேர்ந்து நான் ஒண்ணும் பிடுங்கினதில்லை. சம்பளம் ஏறினதே பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் சொல்லிடுவாரா?" என்பாள் மாமியார்.

அந்த வருஷம் மருமகள் ஒரு பெரிய பரிசோதனையில் இருந்தாள். இன்குபேட்டர் என்ற இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் எட்டுத் தட்டுகளில் செல்களை வளர்த்து, அவற்றுக்கு டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த தீனி கொடுத்து, நாற்பது நாள் கழித்து அது உள்ளே எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது. மூன்று நாளுக்கு ஒருமுறை தீனி. ஒருமுறை தவறினாலும் செல்கள் செத்துப்போகும். மறுபடி ஆரம்பிக்கலாம் என்றால், பொருள் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். அவளுக்குக் கொடுத்திருந்த அவகாசமோ மூன்றே மாதம். ஆக, இந்த எட்டுத் தட்டுகள்தான் அவளுடைய ஐந்து வருஷப் படிப்பு.

அந்தக் கூடத்துக்குச் சோதனை வந்தது, சுத்தமாகத் தேறியது. மருமகள் வீட்டுக்கு வந்து, "ஒரு புள்ளிகூட இல்லையாம் மாமா, உங்க மேடமே சொல்லிட்டாங்க" என்று குதித்தாள். அது நடந்து இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டே மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாளன்னிக்கு ஒரு தீனி அத்தை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடைசித் தீனி. அதோட எல்லாம் முடிஞ்சுது. நானே ரெண்டு நாள் தூங்கலாம்னு இருக்கேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காலண்டர் டப்பாவுக்குள் கையை விட்டார். செவ்வாய்க்குப் பன்னிரண்டு. புதனுக்கு நாற்பத்தொன்று.

பழுப்பு நிறப் பொத்தான், நாலு துளை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அறையில் யாரும் இல்லை. கையைச் சாய்த்தால் பொத்தான் டப்பாவுக்குள் விழும், கலக்கிவிட்டு இன்னொன்றை எடுக்கலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இரண்டு வாரம் முன்னால் தேறின கூடம்தானே, மறுபடி எதற்கு என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. அந்தப் பேச்சை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். அறுபத்து மூன்று கூடத்திலும் கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு எதிராகத்தானே இந்த டப்பாவே வந்தது! சீட்டை எடுத்தார். நாற்பத்தொன்று என்று எழுதினார். நாலின் கொம்பு கொஞ்சம் கோணலாகப் போனது, அவ்வளவுதான். உறையை ஒட்டினார்.

இரண்டு நாள் வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. "என்னங்க, பல்லு வலியா?" என்று கேட்டாள் மனைவி. ஆமாம் என்று தலையாட்டிவைத்தார்.

புதன்கிழமை மதியம் அதிகாரி அம்மா குப்பித் தட்டோடு திரும்பி வந்தார். டிரிட்டியம் விஷயத்தில் படபடவென்று பொரிகிற கருவி உதவாது. டிரிட்டியம் உடையும்போது வீசுகிற துகள் அவ்வளவு பலவீனமானது, கருவியின் மெல்லிய தோலைக்கூடத் தாண்டாது. அதனால் வட்டக் காகிதத்தால் இடம் இடமாகத் துடைத்து, ஒவ்வொரு காகிதத்தையும் ஒரு குப்பியில் போட்டு, ஒரு திரவத்தை ஊற்றி, எண்ணும் மெஷினுக்குள் வைக்க வேண்டும். மெஷினுக்குள் ஒரே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஓர் அணு உடைந்தால் திரவத்தில் ஒரு சின்ன மின்னல் வெட்டும். மெஷின் அந்த மின்னல்களை எண்ணும். காலண்டர் எத்தனையோ முறை அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை அணு சாகிறதை ஒரு பெட்டி பார்த்து எண்ணிக்கை சொல்கிறது! மனுஷன் செத்தாலே சில ஊரில் கணக்கில் வராது.

அன்றைக்கு எண்கள் வரிசையாக விழுந்தன. நிமிஷத்துக்கு இருநூறுக்கு மேல் போனால் அழுக்கு. மேஜை, முப்பது. தரை, இருபத்தாறு. இன்குபேட்டர் கதவுப் பிடி, நாலாயிரத்து நூறு. நாற்காலிக் கை, அறுநூறு. ஒரு பேனா, தொள்ளாயிரம்.

"யார் பேனா?" என்று கேட்டார் காலண்டர். கேட்டிருக்கவே வேண்டாம்.

நடந்தது இதுதான். தீனி போட்ட கையுறையைக் கழற்றாமல் ஒருநாள் அவசரத்தில் மருமகள் இன்குபேட்டர் கதவைத் திறந்திருக்கிறாள். பிறகு வெறுங்கையால் அதே பிடியைப் பிடித்து, அதே கையால் பேனாவை எடுத்து, யோசித்தபடி அதைக் கடித்தும் இருக்கிறாள். வாரா வாரம் அவர்களே துடைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி. சோதனைதான் முடிந்துவிட்டதே என்று அதை விட்டுவிட்டு, பொரிகிற கருவியை மேலோட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். கருவி வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் திறக்காது. டிரிட்டியத்துக்கு அது பிறவிச் செவிடு. படித்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் கருவி சும்மா இருந்தால் மனசும் சும்மா இருந்துவிடுகிறது.

அவள் உடம்புக்குள் போனது மிகக் கொஞ்சம், ஒரு எக்ஸ்ரே எடுப்பதைவிடக் குறைவு என்று அன்றைக்கே பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு மூணு மாசம் இந்தப் பேனாவைக் கடிச்சுக்கிட்டே எழுதியிருந்தா கதை வேற" என்றார் அதிகாரி அம்மா. அறையைப் பூட்டி முத்திரை வைத்தார். முழுக்கச் சுத்தம் செய்து, நூற்றுப் பத்து இடத்தில் மறுபடி துடைத்து, எல்லாம் தேறினால்தான் திறக்கும். எட்டுத் தட்டுகளும் உள்ளே.

அன்று சாயங்காலம் மருமகள் காபி கொண்டுவரவில்லை. அறை வாசலில் வந்து நின்றாள்.

"பொத்தான் வந்துச்சா மாமா? நிஜமாவே வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நீங்க திரும்ப உள்ளே போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

"ஏங்க, பெத்த பொண்ணு மாதிரின்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்களே!" என்று மனைவி சமையலறையிலிருந்து பாய்ந்தாள். "இவ்வளவு கல்லு மனசா?"

"விடுங்க அத்தை" என்றாள் மருமகள். "பேனா என்னோடது. கிளவுஸும் என்னோடது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலண்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்கிற ஜாதி அவர் இல்லை. கோடு போட்ட நோட்டை எடுத்தார். வியாழன் முழுக்கச் சுத்தம் செய்யலாம். வெள்ளி காலை எட்டு மணிக்கு நூற்றுப் பத்துக் குப்பியும் தயாராகும். குப்பிக்கு ஐந்து நிமிஷம். ஒரே மெஷினில் வைத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆகிவிடும். தீனி பன்னிரண்டு மணிக்கு. நாலு மெஷின் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் இருபத்தெட்டுக்கு மேல் வராது. பத்தரைக்கெல்லாம் முடியும்.

பல்கலைக்கழகத்தில் வேறு யாரைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை காலையில் எந்த மெஷின் சும்மா இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். காலண்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும். அதிகாரி அம்மாவின் மெஷின் ஒன்று. ஒன்பதாம் கூடம், பேராசிரியருக்கு வகுப்பு. முப்பதாம் கூடம், ஆட்கள் எல்லாரும் மாநாட்டுக்குப் போயாயிற்று. இருபத்திரண்டாம் கூடம், வெள்ளியன்று அங்கே மீட்டிங்.

வியாழக்கிழமை காலை அதிகாரி அம்மாவிடம் திட்டத்தை விரித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார்.

"வேற கூடமா இருந்தா இப்படி ஓடுவீங்களா?"

"போன வருஷம் பதினேழாம் நம்பர் பூட்டினப்போ குளிர்பெட்டி வாங்கித் தர ஓடலையா மேடம்? அங்கே எந்த மருமக இருந்தா?"

அந்த அம்மாவுக்கு அது நினைவிருந்தது. "சரி. ஆனா துடைக்கிறது நான், எண்ணைப் படிக்கிறதும் நான் அனுப்பற ஆளுங்க. நீங்க தட்டைத் தூக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

இருபத்திரண்டாம் கூடத்துப் பேராசிரியர் லேசில் மடியவில்லை. வருஷத்தில் மூன்று முறை பொத்தான் விழுந்து நொந்துபோனவர்.

"வாய்யா காலண்டர்! இன்னிக்கு நீ என் வாசல்ல நிக்கறே பாரு. மெஷின் தர்றேன். எங்க பொத்தானை மட்டும் கொஞ்சம் அடியில தள்ளி வை."

"டப்பாவுக்குக் கண்ணு கிடையாது சார். என் வீட்டுப் பொண்ணையே அதுக்கு அடையாளம் தெரியலை, உங்களை எப்படித் தெரியும்?"

செய்தி பேராசிரியருக்கும் எட்டியிருந்தது. "எட்டேகாலுக்கு வா. நானே திறந்து வைக்கறேன்" என்றார்.

வியாழன் முழுக்க மருமகளும் கூடத்து ஆட்களும் வெள்ளை அங்கி, இரட்டைக் கையுறையோடு அதிகாரி அம்மாவின் கண்காணிப்பில் ஒவ்வொரு அங்குலமாகத் துடைத்தார்கள். இன்குபேட்டரின் வெளிப்பிடியைத் துடைத்தார்களே தவிர, உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை; தட்டுகள் காயாமலிருக்கத் தினமும் உள்ளே ஊற்றும் தண்ணீரைக்கூட ஊற்ற முடியவில்லை. வெள்ளி காலை நாலு குப்பித் தட்டுகள் நாலு திசைக்குப் போயின. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பழைய தள்ளுவண்டியைக் கேட் காவலாளியிடமிருந்து வாங்கி, ஒரு குப்பி சாயாமல் நாலு கட்டடம் ஏறி இறங்கினார். அந்த வண்டியை அப்படி ஓட்ட இன்றைக்கும் அங்கே ஆள் இல்லை.

பத்தேமுக்காலுக்கு மூன்று மெஷின்களின் தாள்களும் வந்துவிட்டன. எல்லாம் சுத்தம். இருபத்திரண்டாம் கூடத்து மெஷின் மட்டும் நடுவில் ஒருமுறை நின்று, மறுபடி முதல் குப்பியிலிருந்து ஆரம்பித்திருந்தது. கதவுப் பிடி துடைத்த குப்பி அதில்தான் இருந்தது, கடைசிக் குப்பியாக. காலண்டர் மெஷின் முன்னால் நின்றார். பக்கத்தில் மருமகள். இரண்டு நாளில் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் தாள் நகர்ந்தது. அதிகாரி அம்மா குனிந்து படித்தார்.

"இருபத்து மூணு."

மருமகள் தாளை எட்டிப் பார்த்தாள். "அப்போ?"

"அப்போ என்னம்மா? ஓடு!"

தீனி போட அவள் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு பத்து. காலண்டர் அங்கி மாட்டி, செருப்புக்கு உறை போட்டு, வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்றார். அவள் ஒவ்வொரு தட்டாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதல் தட்டு, தலையை ஆட்டினாள். காய்ந்து போய்விட்டது. இரண்டாவதும். நாலாவதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். பிறகு வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள், புதுப் பேனாவில். எட்டாவது தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு போச்சு. அஞ்சு இருக்கு."

"அஞ்சு போதுமாம்மா?"

"இழுத்துப் பிடிச்சா போதும். எழுதறப்போ நாலு பேர் கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லிக்கலாம்." பேனாவை மூடி வைத்தாள். "இங்க வாங்க மாமா. எத்தனை வருஷமா இங்கே பெட்டி தூக்கினீங்க, எப்பவாவது உள்ளே என்ன இருக்குன்னு பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. நாள் குறிக்கிறவரை யாரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அவர் குனிந்தார். முதலில் தெரிந்தது அவருடைய கண் இமை முடிதான். "கொஞ்சம் பின்னாடி எடுங்க மாமா, மூச்சைப் பிடிக்காதீங்க" என்றாள். திடீரென்று எல்லாம் தெளிந்தது.

வெளிச்சமான ஒரு தரை. அதில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கில் கிடந்தன, மழை விழுந்த கண்ணாடியில் துளிகள் ஒட்டியிருப்பது போல. சில நீளம், சில உருண்டை. ஓரிடத்தில் ஒரு துளி நடுவில் ஒடுங்கி, இரண்டாகப் பிரிகிற தறுவாயில் நின்றது.

"இதுல எதும்மா உயிரோட இருக்கு?"

"எல்லாமே."

"இந்த நடுவுல இடுப்பு ஒடுங்கினது?"

"அது இப்போ ரெண்டாகப் போகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல."

கண்ணை எடுக்காமலே காலண்டர் கையை நீட்டி, பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே யாரோ "காலண்டர், காலண்டர்" என்று தேடினார்கள். அடுத்த வாரத்துக் கடிதம் ஏதோ கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"மாமா, தீனி போடணும். எழுந்திரிங்க."

"மத்த நாலுக்கும் போட்டுட்டு வாம்மா" என்றார் அவர். "இது ரெண்டாகட்டும்."